வேட்டுக்கு ஓடிய அணி

“ஏழு பேரு சேர மாட்டீக. அப்படியே சேந்தாலும் பொங்கல் வரைக்கும் நிக்க மாட்டீக.”

மாமா இதைச் சொன்னபோது தன் வேனுக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்தார். எங்களுக்குத் தெரிந்தது அவருடைய கால்கள் மட்டும்தான். அம்மாவின் தம்பி. பட்டாசுக் கம்பெனிக்கு ஆள் ஏற்றிப்போகும் வேன் ஓட்டுகிறவர். ஊர் இளைஞர் மன்றத்துக்கும் அவர்தான் தலைவர். ஊருக்குக் கிழக்கே இருந்த மைதானம் மன்றத்தின் பொறுப்பில் இருந்தது. அதில் பெண்களுக்கு ஒரு கபடி அணி தொடங்க இடம் கேட்டுத்தான் நானும் அக்காவும் போயிருந்தோம்.

“நின்னுட்டா?” என்று கேட்டேன்.

“நின்னுட்டா பாப்போம்.”

“பாப்போம்னா என்ன மாமா? முடிவாச் சொல்லுங்க.”

ஸ்பேனர் தரையில் விழுந்தது. “இவள காலேஜுல சேத்துவிட்டது தப்பாப் போச்சு. வக்கீலு மாதிரி கேக்கா.” கொஞ்ச நேரம் கால்கள் மட்டும் ஆடிக்கொண்டிருந்தன. “சரி, கேட்டுக்கங்க. தீவாளி முடிஞ்சு கம்பெனி அடைச்சதும் ஆரம்பிங்க. வெளியூரு டீம்கிட்ட ஒரு மேட்சு, ஒரே ஒரு மேட்சு ஜெயிச்சுக் காட்டுங்க. பொங்கல்தான் கெடு. ஜெயிச்சா சாயங்கால கிரவுண்டு உங்களுக்கு. இல்லைன்னா பழையபடி பயலுக கிரிக்கெட் ஆடட்டும். அப்புறம் வந்து அழக்கூடாது.”

“சரி மாமா” என்றாள் அக்கா. அவள் அங்கே பேசியது அந்த ஒரு வார்த்தைதான். திரும்பி வரும்போது அவள் நடந்த வேகத்துக்கு நான் ஓட வேண்டியிருந்தது.

எங்கள் ஊர் ஏழாயிரம்பண்ணைக்குப் பக்கம். வீட்டில் அப்பா, அம்மா, அக்கா எல்லாருக்கும் பட்டாசுக் கம்பெனிதான். பத்தாம் வகுப்பைத் தாண்டியது நான் மட்டும். அப்போது விருதுநகரில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். கல்லூரிக் கபடி அணியில் நான் மாற்று ஆட்டக்காரி. பெரும்பாலும் ஓரத்தில் உட்கார்ந்து தண்ணீர் பாட்டில் பார்த்துக்கொள்கிறவள். அதனால் விதிகளெல்லாம் எனக்கு அத்துப்படி. ஆட்டம் அக்காவுக்குத் தெரியும். ஐந்தாம் வகுப்போடு நின்றவள், தெருவில் பையன்களோடு பாடிப் பாடி வளர்ந்தவள். அவள் ஒரு முறை கோட்டைத் தாண்டிப் பாடி வந்ததை எங்கள் கல்லூரிப் பயிற்சியாளர் பார்த்திருந்தால் என்னைத் தண்ணீர் பாட்டிலுக்குக்கூட வைத்திருக்க மாட்டார்.

கம்பெனியில் அக்காவுக்குச் சரவெடிக்குச் சரம் பின்னுகிற வேலை. ஒரு அறைக்கு நாலு பேர்தான் உட்காரலாம். காலையிலிருந்து சாயங்காலம்வரை சம்மணம்தான். “நாளெல்லாம் மடக்கி வச்ச காலு, வேன விட்டு இறங்குனதும் எங்கயாச்சும் ஓடுன்னு சொல்லுது” என்பாள். எங்கே ஓடுவது? தெருவில் ஒரு பெண் காரணமில்லாமல் ஓடினால் நாலு வீட்டுக் கதவு திறந்து யாருக்கு என்ன ஆச்சு என்று கேட்கும். ஓடுவதற்கு என்றே ஓர் இடம் என்றால் அந்த மைதானம்தான். அவளுக்கு அது வேண்டும். அம்புட்டுத்தான் விஷயம்.

என்னையும் அக்காவையும் சேர்த்து ஏழு பேர் சேர்ந்தார்கள். அக்காவோடு ஒரே அறையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்து சரம் பின்னுகிற இரண்டு பேர் முதலில் வந்தார்கள். இருவரும் கைகோத்துக்கொண்டு ஓரத்தில் நின்றால், பாடி வருகிறவள் எந்தப் பக்கம் பாய்ந்தாலும் அந்தச் சங்கிலி அறுந்துபோகாது. பெட்டி அடைக்கிற பகுதியிலிருந்து ஒருத்தி வந்தாள். அவளைத் தள்ளுவதற்கு லாரிதான் வர வேண்டும் என்று நாங்களே கேலி செய்வோம். கைக்குழந்தைக்காரி ஒருத்தியும் வந்தாள். அவள் மாமியார் சண்டைக்கு வருவாள் என்று பயந்துகொண்டிருந்தோம். அந்த அம்மா முதல் நாளே பேரனை இடுப்பில் வைத்துக்கொண்டு மைதானத்துக்கு வந்து, கோட்டுக்குப் பக்கத்தில் கல்லைப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

“ஏடி, கால வாருங்கடி அவள! என் மருமகள்னு பாக்காதீக. வீட்டுல நான் பாக்குறேனா?”

ஆடைக்கு மாமாதான் வழி செய்தார். கம்பெனி தன் வியாபாரிகளுக்கு இலவசமாகக் கொடுத்ததில் மிஞ்சிய பனியன்கள் அவர் வேனில் கிடந்தன. முதுகில் நெருப்பைக் கக்கிக்கொண்டு கிளம்பும் ராக்கெட் படம். ஆண்கள் அளவு. தோள் முழங்கை வரை இறங்கியது. “இத மாட்டிக்கிட்டு நின்னா ராக்கெட்டு மாதிரியே இருப்பீக. ஒரு தடவ மேல போயிட்டு அப்பிடியே விழுந்துருவீக” என்று சொல்லிக்கொண்டே கொடுத்தார். கிண்டல் செய்யாமல் அவரால் எதையும் கொடுக்க முடியாது.

முதல் ஆட்டம் காரியாபட்டிப் பக்கம். ஆடுவதற்கு முன்னால் நடுவர் ஒவ்வொருத்தியையும் நிறுத்திச் சோதித்தார். வளையல் இருக்கிறதா, கொலுசு இருக்கிறதா, நகம் வெட்டியிருக்கிறதா. எங்கள் பிள்ளைகளிடம் அவருக்கு ஒன்றுமே கிடைக்கவில்லை. கம்பெனிக்குள் ஒரு ஹேர்பின்கூடக் கொண்டுபோக முடியாது, செருப்பும் கிடையாது. உலோகம் இல்லாமல், வெறுங்காலோடு இருப்பது அவர்களுக்குப் பழக்கம். நடுவருக்கு ரொம்பத் திருப்தி. பெட்டி அடைக்கிறவளின் கையைப் பிடித்ததும்தான் முகம் மாறியது.

“என்னம்மா பூசியிருக்க? வழுக்குறதுக்கா?”

“எதும் பூசல சார்.”

“கை சாம்பல் கலர்ல இருக்கே. எல்லாரும் காட்டுங்க. போங்க, சோப்புப் போட்டுக் கழுவிட்டு வாங்க.”

கழுவிவிட்டு வந்தார்கள். அதே சாம்பல் நிறம். மறுபடி அனுப்பினார். மறுபடி அதே. கடைசியில் குழந்தைக்காரியின் மாமியார் எழுந்து வந்தார். “சார், சீசன் முடிஞ்சு இப்பத்தான் கம்பெனி அடைச்சிருக்கு. அந்தக் கலரு கார்த்திகைக்குத்தான் போகும். நீங்க அதுவரைக்கும் இருப்பீகளா?” அலுமினியப் பொடி என்று நான் விளக்கினேன். நடுவர் தன் விரலையே ஒரு முறை தடவிப் பார்த்துக்கொண்டு விசிலை எடுத்தார்.

அந்த ஆட்டத்தில் தோற்றோம். அடுத்ததிலும் தோற்றோம், ஆனால் கொஞ்ச வித்தியாசத்தில். பெண்கள் ஆட்டத்தை எல்லா ஊரிலும் உச்சி வெயிலில்தான் வைப்பார்கள்; ஆண்கள் ஆட்டத்துக்குக் கூட்டம் சேரும்வரை பொழுதைப் போக்குவதற்கு. கூட்டம் வந்து உட்காரும்போது நாங்கள் தோற்று முடித்துத் தண்ணீர் குடித்துக்கொண்டிருப்போம். அதனால் எங்கள் தோல்விகளைப் பார்த்தவர்கள் குறைவு. ஆனைக்குட்டத்தில்தான் அந்த அதிர்ஷ்டம் இல்லாமல் போயிற்று.

அதற்குள் மார்கழி. கம்பெனிகள் மறுபடி திறந்துவிட்டன; ஆட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. எதிரில் ராஜபாளையம் பக்கத்திலிருந்து வந்த பஞ்சாலைப் பெண்கள். அவர்களுடைய தலைவி உயரமான பெண். தலைமுடியைத் துணியால் இறுக்கிச் சுற்றிக் கட்டியிருந்தாள். அவர்கள் எல்லாருமே அப்படித்தான். ஆட்டம் சமமாகப் போய்க்கொண்டிருந்தது. அன்று ஜெயித்துவிடுவோம் என்று எனக்கு முதல் முறையாகத் தோன்றியது. மைதானம் எங்களுக்கு என்று மனதுக்குள் முடிவே செய்துவிட்டேன்.

மில் அணியின் தலைவி எங்கள் பக்கம் பாடி வந்தாள். அதே நேரத்தில் போட்டிக்கு நன்கொடை கொடுத்த பெரிய மனிதரின் கார் வந்து நின்றது. வரவேற்பதற்கு விழாக்காரர்கள் ஒரு பெரிய சரத்தைக் கொளுத்தினார்கள்.

நடந்தது இதுதான்: என்னைத் தவிர எங்கள் அணியில் எல்லாரும் ஓடினார்கள். கத்தவில்லை, ஒருவரை ஒருவர் பிடிக்கவில்லை. கோத்திருந்த சங்கிலியின் இரண்டு கைகளும் தாமாகவே விட்டன. ஒருத்தி இடது பக்கம், ஒருத்தி வலது பக்கம், அவரவருக்கு எது கிட்டமோ அந்தக் கோட்டைத் தாண்டி, குனிந்த தலையோடு திறந்த வெளிக்குப் போய் நின்றார்கள். கபடியில் பிடிக்கிறவர் கோட்டைத் தாண்டினால் அவுட். ஆறு பேரும் அவுட்.

நடுவில் நான் மட்டும் நின்றேன். மில் தலைவி என் தோளைத் தொட்டுவிட்டு, வந்த வழியே நடந்து போனாள். முழு அணியும் காலி.

கூட்டம் சிரித்தது. சாதாரணச் சிரிப்பு இல்லை. “பட்டாசுக்காரிக வேட்டுக்குப் பயந்து ஓடுறாளுக டோய்!” என்று ஒருவன் மேடைப் பக்கத்திலிருந்து கத்தினான். மைக்கில் பேசியவரும் சிரித்தார். அதற்குப் பிறகு எங்கள் பிள்ளைகளுக்குக் கை ஓடவில்லை. பெரிய வித்தியாசத்தில் தோற்றோம்.

தண்ணீர்த் தொட்டியில் முகம் கழுவிக்கொண்டிருந்தபோது மில் தலைவி வந்தாள்.

“அக்கா, எதுக்கு அப்பிடி ஓடுனீக?”

“வேட்டுப் போட்டாகள்ல” என்றாள் அக்கா.

“நீங்க வேட்டுதானே செய்றீக?”

“அதனாலதான்.”

 அந்தப் பெண் என்னைக் காட்டினாள். “இந்தப் புள்ள முடி அவுந்து கிடந்துச்சு. ஆட்டம் பூரா எனக்கு அங்கயேதான் கண்ணு. எங்க மில்லுல ஒருத்திக்கு முடி அவுந்தா போதும், அம்புட்டுப் பேரும் கத்திருவோம். மிஷினு இழுத்துரும்லா.” தன் இடுப்பில் செருகியிருந்த துணித் துண்டை உருவி என் முடியைப் பின்னி மடித்துக் கட்டிவிட்டாள். இறுக்கிய இறுக்கில் எனக்குக் கண்ணீர் வந்தது. “இப்பத்தான் எனக்கு நிம்மதி” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

வேனில் திரும்பும்போது நான் மனதுக்குள் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தேன். எல்லாரும் ஓடியபோது நான் நின்றேனே. அக்கா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். ரொம்ப நேரம் கழித்து மெதுவாகக் கேட்டாள்.

“நீ ஏன் புள்ள ஓடல?”

“ஓடுனா அவுட்டுல்லக்கா.”

“வெளிய வந்து திரும்பிப் பாக்கேன், நீ மட்டும் உள்ள நிக்க. எனக்கு ஈரக்கொலையே அத்துப் போச்சு.”

அவள் கை என் கையின்மேல் இருந்தது. இன்னும் சில்லென்று இருந்தது. ஆட்டத்தை அவள் நினைக்கவே இல்லை என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. கொஞ்ச தூரம் போனதும் அவளே சிரித்தாள். “உன் காலுக்கு ஓடத் தெரியல. அது நல்லதுதான். அதுக்குத்தான படிக்க அனுப்புனோம்.”

இருந்தாலும் பொங்கல் வந்துகொண்டிருந்தது. மாட்டுப் பொங்கலன்று எங்கள் ஊரிலேயே போட்டி. மில் அணிதான் வருகிறது. அதுவும் போனால் மைதானமும் போகும். எங்கள் ஊர்ப் போட்டியில் ஒவ்வொரு புள்ளிக்கும் வேட்டுப் போடுவது வழக்கம். இது பட்டாசு ஊர், அதில் குறை வைக்க மாட்டார்கள். நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். மனிதர்கள் எதற்கும் பழகிக்கொள்வார்கள் என்று எங்கோ படித்திருந்தேன். ஒரு ஊதுபத்தியும் ஒரு கட்டு குருவி வெடியும் எடுத்துக்கொண்டு பயிற்சிக்குப் போனேன். அவர்கள் ஆடும்போது பின்னால் நின்று ஒவ்வொன்றாகக் கொளுத்திப் போட்டேன்.

முதல் வெடிக்கு எல்லாரும் கோட்டுக்கு வெளியே. என்னைத் திட்டிக்கொண்டே திரும்ப வந்தார்கள். இரண்டாவதுக்கும் வெளியே. மாமியார் பேரனின் காதைப் பொத்திக்கொண்டு, “ஏ காலேஜு, உனக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சா?” என்றார். நான் நிறுத்தவில்லை. அப்படியே போகப் போக, ஒரு வெடிக்குச் சரம் பின்னுகிறவர்களில் ஒருத்தி மட்டும் ஓடாமல் நின்றாள். பல்லைக் கடித்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, நடுங்கிக்கொண்டு நின்றாள்.

“பாத்தியா! நின்னுட்டா!” என்று கத்தினேன்.

அக்கா நேராக என்னிடம் வந்தாள். என் கையிலிருந்த ஊதுபத்தியைப் பிடுங்கி மண்ணில் குத்தி அணைத்தாள்.

“இங்கன நின்னு பழகுனா அங்கனயும் நிக்கும் காலு” என்றாள்.

“அக்கா, ஒரு மேட்சுக்குத்தானே…”

“கம்பெனி ரூமுல எங்களுக்கு யோசிக்க நேரம் கிடையாது புள்ள. காலுதான் யோசிக்கும். அதப் போயிக் கெடுக்கப் பாக்கியே. கிரவுண்டு போனாப் போகுது.”

அவள் மைதானம் போனால் போகட்டும் என்று சொன்னதுதான் என்னைச் சுட்டது.  நின்று காட்டியவள் தரையில் உட்கார்ந்து தன் கணுக்காலைத் தடவிக்கொண்டிருந்தாள். மீதி வெடியை நான் பையில் போட்டுக்கொண்டேன். அன்று அதற்கு மேல் ஆடவில்லை.

மறுநாள் காலையில் வேன் கிளம்பும் நேரத்தில் அக்கா மாமாவிடம் கேட்டாள்: எங்கள் ஆட்டம் முடியும்வரை வேட்டு வேண்டாம்.

“வேட்டு வேணாமா? பொங்கலுக்கா?” மாமா வண்டியை உறுமவிட்டார். “ஆனைக்குட்டத்துல ஓடுன கத ஏழாயிரம்பண்ணை பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நாறுது. கம்பெனி மொதலாளி சரம் சும்மா குடுக்காரு. பாயிண்டுக்குப் பாயிண்டு போடணும்னு அவருக்கு ஆச. அவருகிட்டப் போயி, உங்க ஆளுக பயப்படுதாகன்னு சொல்லவா?”

“ஆட்டம் முடிஞ்சதும் எம்புட்டு வேணும்னாலும் போடுங்க மாமா.”

“ஒரு நாளு நின்னுதான் பாருங்களேன். வேட்டு வந்து கடிக்கவா போகுது?”

“நின்னு பழகிட்டம்னா,” என்றாள் அக்கா, “ஒரு நாளு சாயங்காலம் உங்க வேன் காலியாத்தான் வரும் மாமா.”

மாமாவின் கை கியரில் இருந்தபடியே நின்றது. தினமும் சாயங்காலம் கம்பெனி வாசலில் ஒவ்வொரு சீட்டின் முதுகையும் தட்டித் தட்டி எல்லாரும் ஏறிவிட்டார்களா என்று பார்த்துவிட்டுத்தான் வண்டியை எடுப்பார். சில வருடங்களுக்கு முன் பக்கத்து யூனிட்டில் வெடித்த அன்று, ஆட்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது அந்த வேன்தான். அதைப் பற்றி அவர் பேசி நாங்கள் யாரும் கேட்டதில்லை. கிண்டல் செய்யும் மனிதரின் முகம் கொஞ்ச நேரம் வேறு யாருடைய முகம்போலவோ இருந்தது.

“ஏறு ஏறு, நேரமாச்சு” என்றார். வண்டி தெருமுனை திரும்பும்போது ஜன்னலில் தலையை நீட்டி என்னைப் பார்த்துக் கத்தினார்: “நான் பேசிக்கிறேன்னு உன் அம்மாகிட்டச் சொல்லு!” அம்மாவுக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

மாட்டுப் பொங்கலன்று மாமா எல்லாச் சரத்தையும் வேனுக்குள் வைத்துப் பூட்டிவிட்டார். சாவி அவர் இடுப்பில். பெண்கள் ஆட்டம் முடியும்வரை வேட்டு கிடையாது என்று மைக்கிலும் அவரே சொன்னார். கூட்டத்தில் ஊளைச் சத்தம்.

“வேட்டு இல்லாம என்ன மாமா பொங்கலு?”

“ஏலே, வேட்டு வேணும்னா உன் வீட்டுல போயிப் போடுலே. இங்கன ஆட்டத்தப் பாரு.”

மில் பெண்கள் வந்து இறங்கினார்கள். அவர்களுடைய தலைவி வந்ததும் என் பின்னலைத்தான் பார்த்தாள். அவள் கொடுத்த அதே துணியால் கட்டியிருந்தேன். தலையை ஆட்டிவிட்டுப் போனாள்.

வேட்டு இல்லாத கபடி அன்றைக்குத்தான் எங்கள் ஊர் பார்த்தது. பாடுகிறவளின் மூச்சுகூடக் கேட்டது. பெட்டி அடைக்கிறவள் ஒருத்தியைப் பிடித்துத் தூக்கியபோது மண்ணில் கால் தேயும் சத்தம் கேட்டது. அதைவிட நன்றாகக் கேட்டது மாமியாரின் குரல். “விடாதடி! விட்டா வீட்டுல சோறு கிடையாது!” எங்கள் பிள்ளைகள் நன்றாக ஆடினார்கள். ஆனால் மில் பெண்களும் நன்றாக ஆடினார்கள். முடிய இன்னும் கொஞ்ச நேரமே இருந்தபோது நாங்கள் ஒரு புள்ளி பின்னால் இருந்தோம். மில் தலைவி பாடி வந்தாள். எங்கள் சங்கிலி அவளை மூலைக்கு ஒதுக்கிக்கொண்டிருந்தது.

மாமா முதலாளியிடம் பேசினார், மன்றத்தில் பேசினார், பையன்களை மிரட்டினார். கோயில் பூசாரியிடம் மட்டும் சொல்ல மறந்துவிட்டார். காளியம்மன் கோயிலில் மாட்டுக்குப் பூசை முடிந்ததும் போடும் வேட்டு, மைதானத்துக்கு அந்தப் பக்கம் இருந்து, வரிசையாக வெடிக்கத் தொடங்கியது.

எல்லாரும் ஓடினார்கள். இந்த முறை நானும் ஓடினேன். அது பயத்தில் ஓடிய ஓட்டம் இல்லை. அக்கா வெளியே போய்த் திரும்பிப் பார்க்கும்போது நான் உள்ளே நிற்கக் கூடாது, அவ்வளவுதான்.

மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, இரண்டு கைகளையும் தூக்கி ஆட்டியபடி, “நிறுத்துய்யா! ஏய், நிறுத்து!” என்று கோயிலைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தார். எங்கள் பாதி மைதானத்தில் மில் தலைவி மட்டும் தனியாக நின்றாள். நடுவர் எங்கள் ஏழு பேரையும் அவுட் என்று சொல்லக் கையைத் தூக்கினார். முடிந்தது என்று நினைத்தேன்.

“சார்,” என்றாள் அவள். “வேட்டுச் சத்தத்துல எனக்குப் பாட்டு நின்னு போச்சு. நான்தான் முதல்ல அவுட்டு.”

நடுவர் அவளைப் பார்த்தார். அந்தச் சத்தத்தில் அவள் பாடினாளா இல்லையா என்று அவருக்கு மட்டுமல்ல, யாருக்கும் கேட்டிருக்க முடியாது. நாள் முழுவதும் இயந்திரத்தின் இரைச்சலில் நிற்கிற பெண். ஆனைக்குட்டத்தில் அதைவிடப் பெரிய சரத்துக்குக் கண்ணைக்கூடச் சிமிட்டாதவள். அவள் அணிப் பெண்களில் ஒருத்தி வாயைத் திறந்தாள். இவள் ஒரு பார்வை பார்த்ததும் மூடிக்கொண்டாள்.

“நிச்சயமா நின்னுச்சாம்மா?”

“ஆமா சார். பாடுறவளுக்குத் தெரியாதா?” வெளியே நின்ற எங்களைப் பார்த்துக் கையை ஆட்டினாள். “வாங்க உள்ள. எம்புட்டு நேரம் நிப்பீக?”

புள்ளி சமமானது. அடுத்து, கடைசி முறையாகப் பாடப் போனது அக்கா. கோயில் வேட்டு நின்றிருந்தது. அக்காவின் குரல் மெலிசு. அன்று மைதானம் முழுக்க அது மட்டும்தான். அவள் ஓரக்காரியின் முழங்காலைத் தொட்டதும் மூன்று பேர் மேலே விழுந்தார்கள். அவர்களில் ஒருத்தி மில் தலைவி. விட்டுக்கொடுத்ததெல்லாம் அதற்கு முன்னால். இப்போது அவள் அக்காவின் இடுப்பை இரும்புப் பிடியாகப் பிடித்திருந்தாள். அக்கா அவர்களையும் சேர்த்து இழுத்துக்கொண்டு மண்ணில் ஊர்ந்தாள். முதுகு ராக்கெட் புழுதியில் தெரியவே இல்லை. மூச்சு முடியப்போகிற குரலில் பாடிக்கொண்டே கையை நீட்டினாள். நடுக்கோட்டில் அந்தச் சாம்பல் நிற விரல்கள் படிந்தன.

விசில்.

குழந்தைக்காரியின் மாமியார் பேரனை யாரோ ஒருவர் கையில் திணித்துவிட்டு மைதானத்துக்குள் ஓடி வந்துவிட்டார். எங்களில் யார் அழுதோம், யார் சிரித்தோம் என்று சரியாகச் சொல்ல முடியாது.

மாமா அங்கே இல்லை. கோயிலில் வேட்டுக் குழாய்க்குப் பக்கத்தில் காவலுக்கு நின்றுவிட்டார். இரைச்சல் கேட்டுத்தான் ஓடி வந்தார்.

“என்னாச்சு? ஏ, என்னாச்சு? யாராச்சும் சொல்லுங்களேன்!”

“ஜெயிச்சாச்சு” என்றார் மாமியார். “வேன் சாவியக் குடும்.”

மாமா சாவியைக் கொடுக்கவில்லை. அக்காவிடம் வந்து நின்றார். மண்ணோடு உட்கார்ந்திருந்தவளின் முன்னால் குனிந்து, யாருக்கும் கேட்காத குரலில், “இப்பப் போடலாமா தாயி?” என்று கேட்டார்.

“இருங்க மாமா. நாங்க அங்கிட்டுப் போயிக்கிறோம்.”

எங்கள் ஏழு பேரும், மில் பெண்களும், எல்லாருமாக மைதானத்தின் மறுகோடிக்கு நடந்தோம். பெரிய சரத்தைக் கொளுத்தினார்கள். எங்கள் பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டு, ஊரில் எல்லாரும் பார்ப்பதுபோல் தூரத்திலிருந்து பார்த்தார்கள். சரம் பின்னுகிறவர்களில் ஒருத்தி மற்றவளை இடித்தாள். “விட்டு விட்டு வெடிக்குதா பாத்தியா? வெடிக்காது. என் கை அது.” மில் தலைவி அக்காவிடம், “அடுத்த தடவ எங்க ஊருக்கு வாங்க. அங்க முடியத்தான் இழுத்துக் கட்டச் சொல்லுவோம்” என்றாள்.

நான் நடுவரைத் தேடிப் போனேன். அவர் கிளம்பிக்கொண்டிருந்தார்.

“சார், அவுங்க பாட்டு நின்னது உங்களுக்குக் கேட்டுச்சா?”

“வேட்டுல என்னம்மா கேக்கும்? சொன்னா எடுத்துக்க வேண்டியதுதான்.”

“அப்ப நீங்க விசில் ஊதி ஆட்டத்த நிறுத்தியிருக்கலாமே.”

அவர் யோசித்தார். கெட்டவர் இல்லை. “நிறுத்தியிருக்கலாம்” என்றார். “நிறுத்தணும்னு எனக்குத் தோணல.”

ஆனைக்குட்டத்தில் இருந்த நடுவருக்கும் தோன்றவில்லை. தோன்றுவதற்கு, வேட்டுக்கு ஓடுகிற ஒருத்தியை வீட்டில் வைத்திருக்க வேண்டும். மதுரையில் நடுவர் தேர்வு வைக்கிறார்களாமே, பெண்களும் எழுதலாமா என்று கேட்டேன். எழுதலாம், யாரும் வருவதில்லை என்றார்.

பொங்கல் விடுமுறை முடிந்து, கல்லூரிக்குப் போவதற்குப் பதிலாக ஒரு நாள் மதுரை பஸ் ஏறினேன். சாயங்காலம் திரும்பி வந்தபோது மைதானத்தில் அக்கா கோடு போட்டுக்கொண்டிருந்தாள். மாமா ஓரத்தில் நிறுத்தியிருந்த வேனுக்கு அடியில் வழக்கம்போல் படுத்திருந்தார். நான் பையிலிருந்து விசிலை எடுத்து அக்காவிடம் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பழக்க தோஷம், முதலில் கேட்டது இதைத்தான்.

“இதுல இரும்பு எதும் இல்லையே?”

“பிளாஸ்டிக்தான்க்கா. பாத்துத்தான் வாங்குனேன்.”

“ஊது பாப்போம்.”

ஊதினேன். வேனுக்கு அடியில் ஸ்பேனர் விழுந்தது.

“ஏலே, எவன்லே அது?”

“நான்தான் மாமா” என்றேன். “மதுரையில பரீட்சைக்குப் பேரு குடுத்துட்டு வந்துட்டேன்.”